குணம் தெரிந்ததே, அது போதாதா?



இந்த மாதப் பாடம் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. பெண்கள் மதரஸாவில் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். "லாத்தா, மௌத்தானவங்க ரூஹ் உயிரோட இருக்கிறவங்க உடம்புல வந்து ஒட்டிக்குமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் கை நடுங்கியது.

நடந்ததை அவளுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். மாப்பிள்ளை சபுரில் இருக்கிறார். இவளுக்கு வருஷக்கணக்காக ஒற்றைத் தலைவலி. தெரிந்த ஒருவர் ரெய்கி சிகிச்சைக்கு அழைத்துப் போனார். படுக்க வைத்து, தலைக்கு மேல் கையை வைத்து ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தார்களாம். சூடு இறங்குவது போல் இருந்தது, வலி விட்டது. நாலைந்து முறை போனாள். பிறகு, நீங்களே கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கும் செய்யலாமே என்றார்கள். முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பணம் கட்டிப் படித்தாள். சொந்தக்காரப் பெண்களுக்குக் கை வைத்தாள். சில மாதங்களில் நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, இரவில் அறையில் யாரோ நிற்பது போன்ற பயம். கற்றுக்கொடுத்தவரிடம் சொன்னபோது, நீ கை வைத்த யாரிடமிருந்தோ இறந்துபோன ஒருவரின் ஆவி உன்மீது ஒட்டிக்கொண்டது, அதைக் கழற்றப் பத்து அமர்வு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வளையலை அடகு வைத்து நாலு அமர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். பயம் கூடியதே தவிர குறையவில்லை.

"ஏன்மா இதுக்குள்ள போனே?" என்று கேட்டேன். "தலைவலி குணம் தெரிஞ்சுதே லாத்தா, அது போதாதா?" என்றாள்.

இதே பதிலைச் சொன்ன ஒரு பெண்மணி ஸஹாபாக்கள் காலத்திலும் இருந்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி). அவர்களுக்குக் கண்ணில் ஒரு துடிப்பு இருந்தது. யூதர் ஒருவரிடம் போய் மந்திரிப்பார்கள், அவர் மந்திரித்ததும் அடங்கிவிடும். மந்திரத்தையும் தாயத்தையும் கணவர் கண்டித்தபோது, எனக்குக் குணமானதே என்று இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். அதற்கு இப்னு மஸ்ஊத் (ரலி), கண்ணைக் குத்திக்கொண்டிருந்தவன் ஷைத்தான், மந்திரித்தவுடன் அவன் கையை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான் என்று விளக்கினார்கள். மக்களின் இரட்சகனிடம் துன்பத்தை நீக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கேட்கும் துஆவையும் சொல்லிக்கொடுத்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது.

வலி விட்டது என்பதை ஸைனப் (ரலி) அவர்களின் கணவர் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வலி விட்டது உண்மை. ஆனால் யாரால் விட்டது, என்ன விலைக்கு விட்டது என்பது வேறு கேள்வி.

ரெய்கி என்பது எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. ஏதோ பழைய இந்திய வைத்தியம் என்றுதான் நம் பெண்கள் நினைக்கிறார்கள். ஜப்பானில் மிகாவோ உசுயி என்பவர் தொடங்கியது இது. 1922-இல் கியோத்தோ அருகே குராமா மலையில் 21 நாள் நோன்பும் தியானமும் இருந்தபோது தமக்கு இந்தச் சக்தி இறங்கியதாக அவர் கூறினார். 1926-இல் இறந்துபோனார். அவர் வழி வந்த ஹயாஷி என்பவரின் மருத்துவ நிலையத்தில் சிகிச்சைக்கு வந்து, பிறகு கற்றுக்கொண்ட ஹவாயோ தகாத்தா என்ற பெண்மணி 1937-இல் அதை அமெரிக்காவின் ஹவாய்த் தீவுக்குக் கொண்டுபோனார். 1980-இல் அவர் இறப்பதற்குள் 22 பேரை ஆசான்களாக்கினார். அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. 'ரெய்' என்றால் ஆவி, புனிதம். 'கி' என்றால் உயிர்ச்சக்தி. பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

கை வைப்பது மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ரெய்கியில் ஒருவர் சிகிச்சை செய்ய வேண்டுமானால், ஆசான் அவருக்குத் தீட்சை கொடுத்து அந்தச் சக்திக்கு 'வழி திறந்துவிட' வேண்டும். இரண்டாம் நிலையில் மூன்று சின்னங்கள் தருவார்கள். அவற்றை வரைந்து பெயரைச் சொன்னால், தூரத்தில் இருப்பவருக்கும் சக்தி போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. நெடுங்காலம் இந்தச் சின்னங்களை வெளியே காட்டாமல் இரகசியமாக வைத்திருந்தார்கள். இன்று மேல்நாட்டில் கற்றுத்தரும் பலர் இன்னும் ஒரு படி போய், கண்ணுக்குத் தெரியாத 'வழிகாட்டிகள்' வந்து உதவுவதாகவும், அவர்களை அழைக்கும் முறையையும் சொல்லித் தருகிறார்கள். பெயர் தெரியாத ஒன்றுக்கு வழி திறந்துவிடுவதும், பொருள் தெரியாத சொல்லைச் சொல்லி அழைப்பதும், வராதவரைக் காத்திருப்பதும் தவ்ஹீதுள்ள ஒரு வீட்டில் எப்படி நுழைந்தது?

சூரா அல்ஜின்னின் 6-ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். மனிதர்களில் சிலர் ஜின்களில் சிலரிடம் பாதுகாப்புத் தேடினார்கள், அதனால் அந்த ஜின்கள் இவர்களுக்குக் கேட்டையே கூட்டினார்கள் என்பது அதன் கருத்து. முஃபஸ்ஸிர்கள் இதற்குப் பின்னணி சொல்கிறார்கள். அறியாமைக் கால அரபிகள் பயணத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இரவு தங்கினால், இந்தப் பள்ளத்தாக்கின் தலைவனிடம் பாதுகாவல் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பார்கள். பயம் போக வேண்டும் என்று சொன்னது, பயத்தை வளர்த்தது. அந்தத் தங்கச்சிக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

இப்போது அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இறந்தவரின் ரூஹ் வந்து ஒட்டிக்கொள்ளாது. மௌத்தானவர்களுக்குப் பின்னால் அவர்கள் எழுப்பப்படும் நாள்வரை பர்ஸக் என்னும் திரை இருக்கிறது என்று சூரா அல்முஃமினூன் 100-ஆவது வசனம் தெளிவாகச் சொல்கிறது. ஒட்டிக்கொள்ளும் ஆவி என்ற பேச்சு மேல்நாட்டிலும் உண்டு. ஈடித் ஃபியோர் என்ற மனநல நிபுணர், தம்மிடம் வருவோரின் நோய்களுக்கு இறந்தவர்களின் ஆவி ஒட்டியிருப்பதே காரணம் என்று 1987-இல் ஒரு புத்தகமே போட்டார். அது சுற்றிச் சுற்றி நம் ஊர் ரெய்கி வகுப்புவரை வந்துவிட்டது.

ஜின்களும் ஷைத்தான்களும் உண்டு, அவர்களால் மனிதனுக்குத் தீண்டல் ஏற்படும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஈமான் கொண்டு ரப்பின்மீது தவக்குல் வைத்தவர்கள்மீது ஷைத்தானுக்கு அதிகாரம் இல்லை என்று சூரா அந்நஹ்லில் அல்லாஹ் கூறியிருக்கிறான். தூசி ஒட்டுவது போல, பார்த்தவர் மேலெல்லாம் தாவித் தாவி ஒட்டும் சக்தியை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவனுக்கு இடம் கிடைப்பது நாம் அவனைக் கூப்பிடும்போதும், அவனைப் பெரிதாக எண்ணிப் பயப்படும்போதும்தான்.

எல்லா ரெய்கி அறையிலும் ஜின் உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பல இடங்களில் ஒன்றுமே இல்லை என்பதுதான் என் எண்ணம். இதற்கு உறவுக்காரியான ஒரு கை வைத்தியம் அமெரிக்க நர்சுகளிடையே இருக்கிறது. உடலைத் தொடாமல், மேலே கையை அசைத்து 'சக்திப் புலத்தை'ச் சரிசெய்வது. (அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டோரா குன்ஸ், நம் சென்னை அடையாறில் தலைமையகம் உள்ள தியசாபிகல் சங்கத்தின் அமெரிக்கக் கிளைத் தலைவராக இருந்தவர். கிழக்கே போன சரக்கு மேற்கே சுற்றி மறுபடி கிழக்கே வருகிறது.) எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி பள்ளிக்கூடச் செயல்திட்டமாக இதைச் சோதித்தாள். நடுவே ஒரு தடுப்பு. அதன் கீழே இருந்த துளைகள் வழியாக வைத்தியர் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். சிறுமி தன் கையை அவற்றில் ஒன்றின் மேல் பிடிப்பாள். எந்தக் கைக்கு மேல் என்று சொல்ல வேண்டும். 21 பேர், 280 முறை. சரியாகச் சொன்னது 123 முறை, அதாவது 44 சதவீதம். காசைச் சுண்டினாலே பாதி சரியாக வரும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இதை வெளியிட்டது.

அப்படியானால் தலைவலி எப்படி விட்டது? வீட்டு வேலை, பிள்ளைகள், மாமியார் என்று ஓடும் ஒரு பெண் ஒரு மணி நேரம் அமைதியான அறையில் கண்மூடிப் படுத்தால், பக்கத்தில் ஒருவர் பரிவோடு உட்கார்ந்தால், பாதி வலி அதிலேயே போகும். ஒற்றைத் தலைவலி தானாகவும் வந்து தானாகவும் போகும். அந்த ஒரு மணி நேரத்தை நம் வீட்டிலேயே அவளுக்குக் கொடுக்க முடியாதா என்று ஆண்கள் யோசிக்கலாம்.

அடுத்தவர் வீட்டைச் சொல்லிவிட்டு நம் வீட்டை விட்டுவிடக் கூடாது. அவ்ஃப் பின் மாலிக் (ரலி) அவர்கள், அறியாமைக் காலத்தில் நாங்கள் ஓதிப் பார்த்து வந்தோமே என்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் உடனே விலக்கவில்லை. என்ன ஓதுகிறீர்கள் என்று காட்டச் சொல்லி, ஷிர்க் இல்லாதவரை அதில் தவறில்லை என்றார்கள் (முஸ்லிம்). மூடி வைத்ததைத் திறந்து காட்டு என்பதே அதிலுள்ள அளவுகோல். இந்த அளவுகோலை ரெய்கிக்கு மட்டும் வைத்தால் போதுமா? தாயின் பெயரைக் கேட்டுக் கணக்குப் போடுகிறவர், பால் கிதாபு பார்த்து யார் செய்வினை வைத்தார் என்று கொழுந்தியாளையோ மச்சியையோ கைகாட்டுகிறவர், கறுப்புச் சேவல் கேட்கிறவர், புரியாத எழுத்தைக் கட்டம் போட்டு எழுதித் தருகிறவர், பெண்ணைத் தனியே அறைக்குள் வரச் சொல்கிறவர் எல்லாரும் தலையில் தொப்பி இருப்பதால் தப்பிவிட முடியாது. குறி சொல்பவனிடம் போய்க் கேட்டால் 40 நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற ஹதீஸும் முஸ்லிமில்தான் இருக்கிறது. குர்ஆன் வசனம் மட்டும் எழுதிய தாயத்தில் உலமாக்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் முஹல்லா ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓதிப் பார்த்ததற்குக் கூலி வாங்குவதே குற்றம் என்றும் நினைக்க வேண்டாம். பாத்திஹா ஓதித் தேள்கடியைப் போக்கி ஆடுகளைக் கூலியாகப் பெற்ற ஸஹாபாக்களை நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. பயத்தைக் காட்டிப் பறிப்பதுதான் குற்றம்.

இன்னொன்றைக் கனத்த மனதோடு எழுதுகிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு மாத்திரை போதுமாக இருந்திருக்கும் என்று அல்லாஹ்வே அறிவான். அதன் பிறகுதான் தர்ஹாவுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. 'தவா–துவா' என்று அதற்குப் பெயர். மருந்தும் துஆவும். நபி (ஸல்) அவர்களிடம் வலிப்பு நோயுள்ள ஒரு பெண் வந்தபோது, அவர்கள் அவளை அடிக்கவோ கட்டவோ சொல்லவில்லை. பொறுத்தால் சொர்க்கம் உண்டு, விரும்பினால் துஆ செய்கிறேன் என்றார்கள். பொறுத்துக்கொள்கிறேன், வலிப்பு வரும்போது ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆ செய்யுங்கள் என்று அவள் கேட்டாள். எல்லா நோயும் நீங்கியே ஆக வேண்டும் என்ற அவசரம் அந்தப் பெண்ணிடம் இல்லை.

அந்தத் தங்கச்சியை அடுத்த நாளே டாக்டரிடம் அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது தெரிந்தது. கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத பயம் எல்லாம் அதனால் வரக்கூடியவை என்று டாக்டர் சொன்னார். மாத்திரை தொடங்கியாயிற்று. கூடவே தவ்பா செய்து, அந்தச் சின்னங்கள் எழுதிய நோட்டைத் தானே அடுப்பில் போட்டாள். காலையும் மாலையும் ஆயத்துல் குர்ஸியும், இக்லாஸ், ஃபலக், நாஸ் மூன்று சூராக்களும் தானே ஓதுகிறாள். படுக்கும்போது அந்த மூன்றையும் ஓதிக் கைகளில் ஊதி உடம்பில் தடவிக்கொள்கிறாள். ஓதிவிட வேறு ஆள் தேடவில்லை. இரவில் இப்போது தூங்குகிறாள், அல்ஹம்துலில்லாஹ். மாத்திரையா, ஓதியதா, எது கேட்டது என்று என்னிடம் கேட்டாள். இரண்டையும் இறக்கியவன் ஒருவன்தானே என்றேன்.

தலைவலி மாதத்துக்கு இரண்டு தடவை இன்னும் வருகிறது. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. அதை மீட்க நம் டிரஸ்டின் வட்டியில்லாக் கடனுக்கு மனு கொடுத்திருக்கிறாள். இதுபோல் பயந்துபோய் வெளியே சொல்லாமல் இருக்கும் சகோதரிகள், வகுப்பு முடிந்ததும் பாயைச் சுருட்டும் சாக்கில் கொஞ்சம் நின்று பேசிவிட்டுப் போங்கள்.