எந்தப் பெட்டி சிறந்தது?

நம் சங்க விழாக்களில் கிதார் வாசிப்பவர் மேடையேறும்போது, அவர் காலடியில் ஒரு சிறு பெட்டி கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனை அவர் காலால் மிதித்தவுடன், அதுவரை மணிபோல் ஒலித்த கிதார் சீறத் தொடங்குகிறது. மீண்டும் மிதித்தால், குகைக்குள் வாசிப்பதுபோல் எதிரொலிக்கிறது. ஒரு பெரிய ஆம்ப்ளிபயரும் ஏழெட்டுத் தனித்தனிப் பெடல்களும் சேர்ந்து செய்துவந்த வேலையை இன்று இந்த ஒரு பெட்டியே செய்துவிடுகிறது. இதனை ஆம்ப் மாடலர் என்றும் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் என்றும் அழைக்கிறார்கள்.

சங்கத்துக்கென இத்தகைய பெட்டி ஒன்று வாங்குவதென்று செயற்குழு முடிவு செய்தது. "நீங்கள் பௌதிகம் படிப்பவர், கிதாரும் வாசிப்பவர். எதை வாங்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். வாங்கப்போவதோ உறுப்பினர்கள் தம் உதவித்தொகையிலிருந்து மாதந்தோறும் கொடுத்த சந்தாப் பணத்தில். நான் முதலில் சொன்ன விடை தவறாயிற்று. அது எவ்வாறு தவறாயிற்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குமுன் இப்பெட்டிகள் இயங்கும் முறையைச் சிறிது காண்போம்.

வால்வும் ஸ்பீக்கரும்

கிதாரின் தந்தி அதிர்வதால் உண்டாகும் மின் அலை மிகச் சிறியது. அதனைப் பெருக்குவதே ஆம்ப்ளிபயரின் வேலை. பழைய வால்வு ஆம்ப்ளிபயரில் அளவுக்கு மீறிப் பெருக்கினால், அலையின் உச்சி வளர இடமின்றி மழுங்குகிறது. அவ்வாறு மழுங்கும்போது, மூல அதிர்வெண்ணின் மடங்குகளாகப் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. நாம் சீற்றம் என்று கேட்பது இவற்றைத்தான். பிழையாகப் பிறந்த இவ்வொலியே பின்னர் அழகாகக் கொள்ளப்பட்டது.

இதில் ஸ்பீக்கருக்கும் பெரும் பங்கு உண்டு. கிதார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரிதும் அடக்கிவிடும். இவ்வடக்கம் இல்லாமல் சீறும் கிதாரை நேரே மேடை ஒலிபெருக்கியில் இணைத்தால், குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல் காதைக் குத்தும்.

பெட்டிக்குள் நடப்பது

இவ்விரண்டையும் சிறு கருவியில் அடக்கும் முயற்சி புதிதன்று. டாம் ஷோல்ஸ் என்பாரின் ராக்மேன் 1982-இல் வந்தது. அது கணிப்பொறி முறையின்றி மின்சுற்றுகளைக் கொண்டே இயங்கியது. 1995-இல் ரோலண்ட் நிறுவனத்தின் விஜி-8 வந்தது. 1998-இல் லைன் 6 நிறுவனம் அவரை விதை வடிவில் சிவப்பு நிறத்தில் வெளியிட்ட பாட் என்ற கருவி, இம்முறையை எளிய வாசிப்பாளரிடமும் கொண்டு சேர்த்தது.

இன்றைய பெட்டிகள் இரு வழிகளில் வேலை செய்கின்றன. முதல் வழியில், ஆம்ப்ளிபயரின் மின்சுற்றை ஆராய்ந்து, அதன் நடத்தையைக் கணக்காக எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் வழியில், உண்மையான ஆம்ப்ளிபயருக்குள் அறிந்த ஒலிகளைச் செலுத்தி, வெளிவருவதை அளந்து, அதன் நகலை உருவாக்குகிறார்கள். 2011-இல் அறிமுகமான கெம்பர் புரொஃபைலர் இவ்வழியைப் பிரபலமாக்கியது. நியூரல் டிஎஸ்பியின் நானோ கார்ட்டெக்ஸ் என்ற 2024-ஆம் ஆண்டுச் சிறு பெட்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

எவ்வழியாயினும், ஒலியை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்தே கணக்கிட வேண்டும். இங்கு ஒரு சிக்கல் உண்டு. 48,000 முறை அளந்தால் 24,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே சரியாகக் குறிக்க இயலும். 5,000 ஹெர்ட்ஸ் கூறு ஒன்று மழுங்கும்போது அதன் 9-ஆம் மடங்காகிய 45,000 ஹெர்ட்ஸும் பிறக்கும். எல்லையைத் தாண்டிய இவ்வொலி மறைந்துபோவதில்லை. மடங்கித் திரும்பி 3,000 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். இது மூல ஒலியின் மடங்கன்று; ஆதலால் அபசுரமாகக் கேட்கும். இதனைத் தடுக்க, பெட்டிக்குள் பல மடங்கு விரைவாக அளந்து கணக்கிட்டு, மிகையானதை வடிகட்டிவிடுகிறார்கள். இதற்கு ஆற்றல்மிக்க சில்லு வேண்டும். விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கிடுவதற்கு நேரம் ஆகாதா என்று வினவலாம். ஆகும், சில மில்லி நொடிகள் ஆகும். ஆனால் ஒலி காற்றில் நொடிக்கு 343 மீட்டரே செல்கிறது. 3 மில்லி நொடித் தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். இதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

சில பெட்டிகள்

சூம் நிறுவனத்தின் ஜி1 ஃபோர் 2019-இல் வந்தது. ஒரே நேரத்தில் 5 எஃபெக்ட்டுகளை அடுக்கலாம். 4 ஏஏ பாட்டரிகளில் இயங்கும். பாஸ் நிறுவனத்தின் ஜிடி-1 2016-இல் வந்தது. இதுவும் 4 ஏஏ பாட்டரிகளில் இயங்குவது. காலால் அழுத்தி ஒலியை ஏற்றி இறக்கும் மிதியும் இதில் உண்டு. மின்சாரம் நின்றாலும் விடுதி அறையில் பயிற்சி தொடரலாம் என்பது இவ்விரண்டின் சிறப்பு.

லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் 2018-இல் வந்தது. முதலில் 6 அடுக்குகளுக்கே இடமளித்த இதில், பின்னர் வந்த மென்பொருளால் 8 அடுக்குகள் வரை வைக்க முடிந்தது. ஸ்பீக்கரின் தன்மையை அளந்து பதிவு செய்த ஐ.ஆர். கோப்புகளையும் நாமே ஏற்றிக்கொள்ளலாம். இக்கோப்பு 2,048 அளவீடுகள் கொண்டது என்றால், 48,000 வேகத்தில் அது சுமார் 43 மில்லி நொடி நீளமுள்ளது. ஆனால் இப்பெட்டி பாட்டரியில் இயங்காது; 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். விலையும் முதலிரண்டைப் போலப் பல மடங்கு.

காது செய்யும் மோசடி

வாங்கியவர்களைக் கேட்டால் என்ன? நானும் கேட்டேன். ஒருவர் "உயிருள்ள ஒலி" என்று புகழ்ந்த பெட்டியையே மற்றொருவர் "பிளாஸ்டிக் ஒலி" என்று இகழ்ந்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஹெட்போனில் கேட்டவர். மற்றவர் கிதார் ஆம்ப்ளிபயரில் இணைத்துக் கேட்டவர். பெட்டிக்குள் ஸ்பீக்கரின் நகல் இருக்க, வெளியேயும் கிதார் ஸ்பீக்கர் இருந்தால், ஒலி இருமுறை வடிகட்டப்பட்டு மந்தமாகிவிடும் அல்லவா?

இதனினும் பெரிய மோசடி ஒலியின் உரப்பில் இருக்கிறது. ஒலி குறைந்தால், தாழ்ந்த சுரங்கள் நம் காதுக்கு மற்றவற்றைவிட விரைவாக மங்கிவிடுகின்றன. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் இதனை அளந்து வரைபடமாக்கினர். ஆகவே, ஒரே ஒலியைச் சற்று உரக்க வைத்தாலே அது நிறைவானதாகத் தோன்றும். 'இது உரக்க இருக்கிறது' என்று நாம் சொல்வதில்லை. 'இது நன்றாக இருக்கிறது' என்றே சொல்கிறோம்.

நான் ஏமாந்ததும் இங்கேதான். என் சிறு பெட்டியையும், நண்பர் ஒருவரின் விலையுயர்ந்த பெட்டியையும் விடுதி அறையில் ஐந்து பேர் கூடிக் கேட்டோம். விலையுயர்ந்ததே சிறந்தது என ஐவரும் ஒருமித்துக் கூறினோம். அன்றே செயற்குழுவுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கைப்பேசியிலுள்ள ஒலிமானியை வைத்துப் பார்த்தபோது, அப்பெட்டி 4 டெசிபல் உரக்க வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆய்வுக்கூடத்தில் தராசின் முள்ளைச் சரிபார்க்காமல் எடை போடாதவன், சங்கப் பணத்துக்கு அதைச் செய்யத் தவறிவிட்டேன்.

மறைத்துக் கேட்டல்

மீண்டும் முறையாகச் சோதித்தோம். கிதார் வாசிப்பைப் பெட்டியின்றி ஒருமுறை பதிவு செய்து, அதே பதிவை இரு பெட்டிகளிலும் செலுத்தினோம். இரண்டிலும் ஒரே வகை ஆம்ப்ளிபயர் நகலைத் தெரிந்தெடுத்தோம். ஒரே ஸ்பீக்கரில், உரப்பை அரை டெசிபலுக்குள் சமமாக்கினோம். எது ஒலிக்கிறது என்பதை மறைத்தோம். முதலில் இரண்டையும் கேட்கச் செய்து, பிறகு அவற்றுள் ஒன்றை மட்டும் ஒலித்து, 'இது எது?' என்று 10 முறை கேட்டோம். இவ்வகைச் சோதனையை மன்சனும் கார்ட்னரும் 1950-இல் விவரித்துள்ளனர்.

கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 10-இல் 6 அல்லது அதற்கு மேல் சரியாவதற்கு 38 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 9 அல்லது அதற்கு மேல் சரியாவதற்கோ 1 விழுக்காடுதான். ஆகவே 6 பெற்றவர் வேறுபாட்டைக் கேட்டார் என்று கொள்ள முடியாது. 9 பெற்றவர் கேட்டார் என்று கொள்ளலாம்.

சீற்றமில்லாத தெளிந்த ஒலியில் நண்பர் பெற்றது 6. நான் பெற்றது 5. ஆனால் மிகுந்த சீற்றத்தில், கிதாரின் உரப்புத் திருகை இடையில் குறைத்து வாசித்த பகுதியில், நண்பர் 9 பெற்றார். விலையுயர்ந்த பெட்டி அங்கே சீற்றத்தைப் படிப்படியாகத் தணித்தது. சிறு பெட்டியில் அது சட்டென்று அறுந்தது. எனவே வேறுபாடு இல்லையென்று நான் சொல்லவில்லை. அது இருக்குமிடம் குறுகியது. விரலின் மென்மைக்கும் அழுத்தத்துக்கும் பெட்டி எவ்வாறு பணிகிறது என்பதிலேயே இருக்கிறது.

முடிவு

நம் மேடையில் பாடப்படுபவை பெரும்பாலும் திரையிசைப் பாடல்கள். அவற்றில் கிதார் தெளிந்த ஒலியிலேயே துணை செய்கிறது. ஆதலின் என் முதற் கடிதத்தைத் திரும்பப் பெற்று, பாட்டரியில் இயங்கும் சிறு பெட்டியையே வாங்கி, மீதிப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கலாம் என்று எழுதினேன். பெட்டி கிதாருக்கு மட்டுமே உதவும். ஸ்பீக்கர் பாடுபவருக்கும் பேசுபவருக்கும் உதவும். செயற்குழு அவ்வாறே ஏற்றது.

நீங்களும் இத்தகைய பெட்டி வாங்கச் சென்றால், கடைக்காரரிடம் முதலில் விலையைக் கேளாதீர்கள். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் இணைக்கச் சொல்லுங்கள், உரப்பைச் சமமாக்குங்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். அப்போதும் உங்கள் காது ஒன்றையே தவறாமல் தேர்ந்தெடுக்குமானால், அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.