ஒரு மாகாணத்தின் இதயம்

நுழையும்முன்

மாரடைப்பு தனி ஒருவருக்கு நேரும் இடர் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், ஒரு நிலப்பகுதி முழுவதும் ஒரே வகையான உணவையும் பழக்கங்களையும் கொண்டிருக்குமானால், அந்நோய் அவ்வூருக்கே உரியதாகிவிடும். அவ்வாறு நோயுற்ற ஒரு மாகாணம் தன் சமையலறையிலிருந்து மாற்றத்தைத் தொடங்கிய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

பின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையில், ரஷ்யாவை ஒட்டி அமைந்துள்ள மாகாணம் வட கரேலியா. காடுகளும் ஏரிகளும் நிறைந்த அந்நிலத்தில் 1970-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,80,000 பேர் வாழ்ந்தனர். மரம் வெட்டுதலும் பால்மாடு வளர்த்தலும் அவர்தம் முதன்மைத் தொழில்கள். உறைபனியில் நாள் முழுதும் கோடரி பிடித்து உழைத்த அவ்வூர் ஆடவரைக் கண்ட எவரும் அவர்களை நோயாளிகள் என்று எண்ணியிருக்க மாட்டார். ஆயினும், அவர்களுள் பலர் நாற்பது, ஐம்பது வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தனர். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே தந்தையை இழந்த குடும்பங்கள் அங்கு ஏராளம்.

இதனை அறிவியல் முறையில் உறுதிப்படுத்தியது, அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் 1958ஆம் ஆண்டு தொடங்கிய 'ஏழு நாடுகள் ஆய்வு'. பின்லாந்து, இத்தாலி, கிரீஸ், யூகோஸ்லாவியா, நெதர்லாந்து, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் நடுவயது ஆடவர் அதில் ஆராயப்பட்டனர். இதய நோய் இறப்பில் கிழக்குப் பின்லாந்து முதலிடத்தில் நின்றது. கிரேக்கத் தீவான கிரீட்டும் ஜப்பானும் மிகக் கீழே நின்றன. 1969–71 ஆண்டுகளில், வட கரேலியாவில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஆடவருள் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் 672 பேர் இதயத் தமனி நோயால் இறந்தனர்.

தமனிக்குள் நிகழ்வது

இதயம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. தனக்கு வேண்டிய இரத்தத்தையோ இதயத் தமனிகள் என்னும் மெல்லிய குழாய்களின் வழியே பெறுகிறது. வெண்ணெய், பாலாடை, கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்ணும்போது, இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை அகற்றும் கல்லீரலின் ஆற்றல் குறைகிறது. தேங்கிய கொலஸ்ட்ரால் தமனியின் சுவருக்குள் புகுந்து படிகிறது. புகையும் உயர் இரத்த அழுத்தமும் அச்சுவரை மேலும் புண்படுத்துகின்றன. பல்லாண்டுகள் ஓசையின்றி வளர்ந்த அப்படிவு ஒருநாள் வெடிக்கிறது. அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்க, இதயத் தசையின் ஒரு பகுதி உயிர்வளியின்றி மடிகிறது. மாரடைப்பு நொடியில் வருவதுபோல் தோன்றினாலும் அதன் தொடக்கம் இளமையிலேயே நேர்ந்துவிடுகிறது.

வட கரேலியரின் உணவுத் தட்டில் இவை அனைத்தும் இடம்பெற்றிருந்தன. ரொட்டியின்மேல் தடிமனாக வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், பன்றி இறைச்சி, உப்பிட்ட மீன், வடிகட்டாமல் கொதிக்கவைத்த காபி ஆகியவையே அன்றாட உணவு. காய்கறிகளைக் கால்நடைத் தீவனமாகக் கருதியோரும் உண்டு. ஆடவருள் பாதிக்கும் மேற்பட்டோர் புகைபிடித்தனர். நாள் முழுதும் உழைத்த உடலுழைப்பால் மட்டும் அவர்களைக் காக்க இயலவில்லை.

சமையலறையில் தொடங்கிய மாற்றம்

1971ஆம் ஆண்டு மாகாண ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அமைப்புகளின் சார்பாளர்களும் ஒன்றுகூடித் தங்கள் மக்களைக் காக்குமாறு நடுவண் அரசுக்கு விண்ணப்பித்தனர். மறுகட்சியினரோடு ஒரே தாளில் கையொப்பமிடத் தூண்டும் அளவிற்கு இறப்புகள் பெருகியிருந்தன. 1972இல் வட கரேலியத் திட்டம் பிறந்தது. அதற்குத் தலைமையேற்ற மருத்துவர் பெக்கா புஸ்கா, அப்போது முப்பது வயதைக்கூட எட்டாதவர்.

நோயுற்றோரைத் தேடி மருத்துவம் செய்வது மட்டும் போதாது என்பதே அவர் குழுவின் நிலைப்பாடு. ஊரே ஒருபோல் உண்ணும்போது ஒருவரை மட்டும் வேறுபோல் உண்ணச் சொல்வது பயன் தராது. எனவே அவர்கள் இல்லத்தரசியரை நாடினர். 'மார்த்தா' என்னும் பழைமையான மகளிர் அமைப்பு அந்நாட்டில் சிற்றூர்தோறும் வேரூன்றியிருந்தது. அதன் உறுப்பினர்கள் மாலை வேளைகளில் கூடி, வழிவழியாக வந்த கரேலிய இறைச்சிக் குழம்பையே சமைத்தனர். ஆனால், கொழுப்பு இறைச்சியைக் குறைத்து, உருளைக்கிழங்கையும் கேரட்டையும் வேர்க்கிழங்குகளையும் கூட்டினர். உண்டு சுவைத்த பின்னரே அதன் காரணம் விளக்கப்பட்டது. அறிவுரையை முன்வைத்து உணவைப் பின்வைத்திருந்தால் பலர் எழுந்து போயிருக்கக்கூடும்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. வெண்ணெயைக் குறைக்கச் சொன்னால் பால்மாட்டை நம்பிய உழவர் எவ்வாறு பிழைப்பர்? இவ்வினா நேர்மையானது, அதனைப் புறந்தள்ளியிருந்தால் திட்டம் தோற்றிருக்கும். அக்குளிர்நிலத்தில் ஆரஞ்சு விளையாது. காட்டுப் பெர்ரிப் பழங்களோ நன்கு விளையும். 1980-களின் நடுப்பகுதியில் பெர்ரி சாகுபடிக்கு ஊக்கமளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பால் தொழிலை விட்ட உழவர் சிலர் பழச் சாகுபடிக்கு மாறினர். உள்ளூர்த் தொத்திறைச்சி ஆலைகள் கொழுப்பின் ஒரு பகுதியை நீக்கிக் காளானைச் சேர்த்தன. குளிரைத் தாங்கும் கடுகினச் செடி ஒன்றின் எண்ணெய் வெண்ணெயின் இடத்தைப் பிடித்தது. காபியைத் தாள் வடிகட்டியில் வடிக்கும் வழக்கம் பரவியது. கொலஸ்ட்ராலை உயர்த்தும் எண்ணெய்ப்பொருள்களை அத்தாள் தடுத்துவிடுகிறது.

உப்பைக் குறைத்தல் இவற்றினும் கடினமாக இருந்தது. ஏனெனில், உப்பின் பெரும்பகுதி சமையலறையில் இடப்படவில்லை. ரொட்டியிலும் தொத்திறைச்சியிலும் மறைந்தே வந்தது. நம் இல்லங்களில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இத்தகையனவே. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஒரு தேக்கரண்டி நிறைய எடுத்தால் அவ்வளவு வந்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

1953ஆம் ஆண்டு மருத்துவர் ஜெரி மோரிஸ், லண்டனின் ஈரடுக்குப் பேருந்துப் பணியாளரை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். இருக்கையிலேயே அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநருக்கு இதய நோய் குறைவாகவே கண்டது. பின்னர் அவர்தம் சீருடை அளவுகளை ஆராய்ந்தபோது, பணியில் சேரும்போதே ஓட்டுநர்கள் இடை பருத்தவர்களாக இருந்தனர் என்பதும் தெரியவந்தது. ஆகவே, படியேறியதன் பயன் எவ்வளவு, உடல்வாகின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய மேலும் பல ஆய்வுகள் தேவைப்பட்டன.

மாத்திரையில் அடங்குமா?

காய்கறியும் பழமும் நன்மை தருமெனில், அவற்றிலுள்ள சத்தை மட்டும் பிரித்து மாத்திரையாக்கி விழுங்கினால் போதாதா? இவ்வையத்தை ஆராய்ந்த நாடுகளுள் பின்லாந்தும் ஒன்று. கேரட்டுக்கு நிறமளிக்கும் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் புற்றுநோயைத் தடுக்குமா எனக் கண்டறிய, அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியில் 50 முதல் 69 வயதுடைய 29,133 ஆடவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அனைவரும் புகைபிடிப்போர். 1994இல் வெளியான முடிவு அறிஞர்களைத் திகைக்கவைத்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது. மொத்த இறப்பும் 8 விழுக்காடு கூடியிருந்தது. வைட்டமின் ஈயும் எதிர்பார்த்த காப்பை அளிக்கவில்லை.

காய்கறி மிகுதியாக உண்போர் பெரும்பாலும் குறைவாகப் புகைபிடிப்பர், மிகுதியாக நடப்பர், கொழுப்பும் குறைவாகவே உண்பர். அவர்தம் நலத்திற்கு ஒரே ஒரு சத்தைக் காரணமாகக் கொண்டதே பிழை. மேலும், ஒரு கேரட்டில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் இன்னும் பல பொருள்களும் உள்ளன. மாத்திரையிலோ ஒன்று மட்டுமே, அதுவும் பெருமளவில் உள்ளது. மீன் எண்ணெய், வைட்டமின் டி ஆகியவற்றை அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்த பேராய்வின் முடிவு 2018இல் வெளியானது. இவ்விரண்டுமே மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரும் நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை.

குறைபாடு கண்டறியப்பட்டவருக்கு மருத்துவர் தரும் சத்து மாத்திரையும், கொலஸ்ட்ராலையோ இரத்த அழுத்தத்தையோ கட்டுப்படுத்த அவர் தரும் மருந்தும் இவற்றினின்று வேறானவை. அவற்றை நாமாக நிறுத்துதல் பெருந்தீங்கு. விளம்பரத்தை நம்பி வாங்குவனவற்றையே இங்கு ஐயுற வேண்டும்.

எண்கள் உரைப்பன

1972இல் வட கரேலியருள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ரொட்டியில் வெண்ணெய் தடவினர். பிற்காலத்தில் அவ்வாறு செய்வோர் சிறுபான்மையினராயினர். ஆடவரிடையே புகைபிடிக்கும் பழக்கம் 52 விழுக்காட்டிலிருந்து 2007இல் 31 விழுக்காடாகக் குறைந்தது. 2006இல் ஒரு லட்சம் ஆடவருக்கு ஆண்டிற்கு 672 என்றிருந்த இறப்பு 103 ஆனது. அஃதாவது, 85 விழுக்காடு குறைந்தது.

இப்புகழ் முழுவதும் திட்டத்திற்கே உரியதா என்று கேட்ட அறிஞர்களும் உள்ளனர். ஒப்பீட்டிற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அண்டை மாகாணமான குவோப்பியோவிலும் இறப்பு குறைந்தது. மருத்துவமும் அதே காலத்தில் முன்னேறியது. ஆயினும், செய்தித்தாளும் வானொலியும் மாகாண எல்லையில் நின்றுவிடுவன அல்ல. முதல் ஐந்தாண்டு முடிந்ததும் 1977இல் அப்பணிகள் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டன. இறப்புக் குறைவில் பெரும்பகுதி கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகிய மூன்றின் வீழ்ச்சியால் நேர்ந்தது என்பதையே பின்வந்த கணிப்புகள் காட்டின. அவற்றுள்ளும் கொலஸ்ட்ராலின் பங்கே மிகுதி. அது குறைந்ததற்கு முதன்மைக் காரணம், ரொட்டியின்மேல் தடவப்பட்டது மாறியதுதான்.