ஸ்நெல் விதியும் பாக்தாத் இப்னு சஹ்லும்



முதலாண்டு பிசிக்ஸ் லேபில் கிளாஸ் ஸ்லாபை வெள்ளைத் தாளில் வைத்து, நாலு குண்டூசி குத்தி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? 1.5 வராவிட்டால் எப்படியாவது வரவைத்து ரெக்கார்டில் எழுதினோமே, அதே பிராக்டிகல்தான். சைன் ஐ, சைன் ஆர் இரண்டின் விகிதம் மாறாது என்பது ஸ்நெல் விதி. அந்தப் பெயரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். தமிழ் மீடியத்திலிருந்து வந்து புத்தகத்தைப் பிரித்தால் நியூட்டன், ஹூக், பாயில், ஸ்நெல் என்று வரிசையாக ஐரோப்பியப் பெயர்கள். நடுவில் நம் சர் சி.வி. ராமன் ஒருவர். விஞ்ஞானம் யாரோ வீட்டுச் சொத்து, நாம் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது. நூலகத்தில் விஞ்ஞான வரலாறு பற்றிய ஒரு தடித்த புத்தகம் கையில் கிடைக்கும் வரை அது போகவில்லை.

கி.பி. 984 வாக்கில் பாக்தாத்தில் இப்னு சஹ்ல் என்ற கணித அறிஞர், எரிக்கும் ஆடிகளும் வில்லைகளும் பற்றி ஒரு நூல் எழுதினார். சூரிய ஒளியை ஒரே புள்ளியில் குவித்து எரிக்க வேண்டுமானால் வில்லைக்கு என்ன வளைவு தரவேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. அதைப் போடும்போது ஒளிவிலகல் விதியை வரைபடமாகவே தந்துவிட்டார். அந்த நூலின் கையெழுத்துப் பிரதி சிதறி, ஒரு பகுதி டமாஸ்கஸிலும் இன்னொரு பகுதி டெஹ்ரானிலும் கிடந்தது. இரண்டும் ஒரே நூல்தான் என்று கண்டுபிடித்துச் சேர்த்தவர் ரோஷ்டி ராஷித் என்ற ஆராய்ச்சியாளர். அவர் கட்டுரை வெளிவந்தது 1990-ல். ஆயிரம் வருஷம் காத்திருந்திருக்கிறது!

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் முறைக்கு சைன் டேபிளே வேண்டாம், ஸ்கேல் போதும். நீங்களும் செய்து பாருங்கள். கதிர் கண்ணாடிக்குள் நுழையும் புள்ளியில் செங்குத்துக் கோடு போடுங்கள். அதற்கு இணையாக 3 செ.மீ. தள்ளி, கதிர் வளையும் பக்கத்தில் இன்னொரு கோடு. வெளியிலிருந்து வந்த கதிர் வளையாமல் நேரே போயிருந்தால் எங்கே போயிருக்குமோ, அதைப் புள்ளிக்கோடாக நீட்டி இரண்டாவது கோட்டைத் தொடச் செய்யுங்கள். உள்ளே வளைந்துபோன கதிரையும் அதே கோடு வரை நீட்டுங்கள். இந்த இரண்டு நீளங்களின் விகிதம்தான் விஷயம். படுகோணம் 60 டிகிரிக்கு எனக்கு 3.5, 5.2 செ.மீ. வந்தது. 45 டிகிரிக்கு 4.2, 6.4. சின்னதைப் பெரியதால் வகுத்தால் இரண்டிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு. திருப்பிப் போட்டால் நம்முடைய அதே 1.5.

வீட்டில் இதை வரைந்துகொண்டிருந்தபோது அப்பா குனிந்து பார்த்தார். "என்னடா, மூலைமட்டம் வச்ச மாதிரி இருக்கு?" என்றார். சொன்னேன். உடனே பையிலிருந்து நூலை எடுத்தார். சின்னக் கோட்டை நூலால் அளந்து, அதில் பாதியை மடக்கிச் சேர்த்து, பெரிய கோட்டின் மேல் வைத்தார். சரியாக உட்கார்ந்தது. "ஒண்ணரை. இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஒளிவிலகல் எண் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது என்றால் நம்புவீர்களா?

ஆனால் ஸ்நெல் திருடிவிட்டார் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது தப்பு. இப்னு சஹ்ல் நூல் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஹாலந்துக்காரரான ஸ்நெல் 1621-ல் தானாகவே கண்டுபிடித்தார்; அதை அவர் அச்சிடவும் இல்லை. 1637-ல் அச்சில் கொண்டுவந்தவர் டெகார்த். அதனால் பிரான்சில் டெகார்த் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பெயரை அவர்கள் விடவில்லை பாருங்கள்!

ஐரோப்பாவுக்குப் போன நூல் ஒன்று உண்டு. பாஸ்ராவில் 965 வாக்கில் பிறந்த இப்னு அல்-ஹைதம் எழுதிய 'கிதாப் அல்-மனாஸிர்'. கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் நம்பினார்கள். இல்லை, பொருளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணுக்குள் நுழைகிறது என்று சோதனை செய்து காட்டியவர் இவர். நூல் லத்தீனுக்குப் போனது, 1572-ல் பேசல் நகரில் அச்சானது. கெப்ளர் படித்தார். சிவில் நண்பர்களுக்கு ஒரு சேதி: நைல் நதி வெள்ளத்தை அடக்குகிறேன் என்று எகிப்துக்குப் போனவர், இடத்தைப் பார்த்ததும் முடியாது என்று தெரிந்து, மன்னருக்குப் பயந்து பைத்தியம் போல் நடித்தார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். சைட்டைப் பார்க்காமல் எஸ்டிமேட் போட்டால் அப்படித்தான்!

அரபு விஞ்ஞானிகள் என்று பொதுவாகச் சொன்னாலும் அவர்களில் பாரசீகர், மத்திய ஆசியாக்காரர், கிறிஸ்தவர், யூதர் எல்லாரும் உண்டு. எழுதிய மொழி அரபு. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் தினமும் உச்சரிக்கும் 'அல்காரிதம்' கூட 9-ஆம் நூற்றாண்டு அல்-குவாரிஸ்மியின் பெயர்தான். நம் நாட்டு எண்களை விளக்கி நூல் எழுதியவரும் அவரே.

ஸ்நெல் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், சிலபஸ் கூடிவிடாது. என் ரெக்கார்டில் விதியின் கீழே "இப்னு சஹ்ல், கி.பி. 984" என்று நானே எழுதினேன். லெக்சரர் அதை வட்டமிட்டுக் கேள்விக்குறி போட்டுவிட்டார். மறுநாள் நூலகப் புத்தகத்தோடு போய் நின்றேன். இரண்டு பக்கம் நின்றபடியே படித்தார். கேள்விக்குறியை அடித்துவிட்டு, புத்தகத்தை அவரே எடுத்துக்கொண்டு போனார். இன்னும் நூலகத்துக்குத் திரும்பவில்லை. தேடுகிறவர்கள் ஸ்டாஃப் ரூமில் கேட்கவும்.