கொழுப்பைக் குறைத்த சாக்லேட்டும் கடல்பாசியும்

காரைக்கால்

அன்பு மகளுக்கு,

உண்டபின் வயிறு கனக்காத சாக்லேட் இனிப்பை வீட்டில் செய்ய விரும்பும் இளையவர், அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். காரணம் அறியாமல் சர்க்கரையை மட்டும் பாதியாகக் குறைப்பவருக்குக் கசப்புதான் மிஞ்சும். கொக்கோப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கொக்கோ வெண்ணெய் எனப்படும் அக்கொழுப்பு 34 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில், அதாவது உடல்வெப்பத்துக்குச் சற்றுக் கீழே உருகுவதால்தான் சாக்லேட் நாவில் பட்டதும் கரைகிறது. 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பத்தார் இக்கொழுப்பின் பெரும்பகுதியை அழுத்திப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். பிழிந்தபின் எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்ததே கொக்கோத் தூள். சாக்லேட்டின் நிறமும் கசப்பும் மணத்தின் பெரும்பங்கும் இத்தூளிலேயே தங்கிவிடுவதால், கனத்தைக் குறைக்க நினைப்பவர் கட்டிச் சாக்லேட்டை விட்டுத் தூளிலிருந்து தொடங்குவதே முறை.

1739 முதல் 1954 நவம்பர் வரை பெரும்பாலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், சாக்லேட் இனிப்பு என்றதும் பிரான்சின் மூஸ் நினைவுக்கு வருவது இயல்பே. உருக்கிய சாக்லேட்டில் முட்டையின் மஞ்சள் கருவைக் கலந்து, நுரைக்க அடித்த வெள்ளைக்கருவை மெல்லச் சேர்த்துக் குளிரவைப்பது அதன் பழைய முறை. நுரையில் சிக்கிய காற்று அதை நாவுக்கு இலேசாக்குகிறது. ஆனால் அதில் முட்டை வேகாமலே சேர்வதால் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமிக்கு இடமுண்டு. வெயிலும் மின்தடையும் சேர்ந்து வரும் கடலோர ஊரில், குழந்தைகளும் முதியோரும் உண்ணும் பண்டத்துக்கு அம்முறையைத் தவிர்ப்பதே அறிவுடைமை. முட்டையும் பாலேடும் இன்றி, சாக்லேட்டைத் தண்ணீரில் உருக்கிப் பனிக்கட்டியின் மேல் வைத்து அடித்தே நுரைக்கச் செய்யலாம் என்று பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸ் காட்டியிருக்கிறார். அது வியக்கத்தக்க முறைதான். எனினும் அந்த நுரையைத் தாங்கி நிற்பது சாக்லேட்டின் கொழுப்பே ஆகையால் அதை அங்கே குறைக்க வழியில்லை. கோடை வெயிலில் அது நெடுநேரம் நிற்பதும் அரிது.

இவ்வூருக்கு ஏற்ற விடை இவ்வூர்ச் சமையலறையிலேயே இருக்கிறது. நோன்புக் காலத்தில் காரைக்கால், நாகூர் வீடுகளில் செய்யப்படும் கடல்பாசி, சிவப்புப் பாசிகளைக் கொதிக்கவைத்து எடுக்கும் கூழ்ப்பொருளால் ஆனது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி அத்தகைய பாசிகளுள் ஒன்று. அவர்கள் மூச்சடக்கிச் சேர்த்த பொருளை மதித்துச் சமைப்பது நன்று. கடல்பாசி 40 பாகைக்குச் சற்றுக் கீழே உறைகிறது. உறைந்தபின் 85 பாகையை எட்டினாலன்றி உருகுவதில்லை. விலங்கு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் இவ்வூர் வெயிலில் இளகிவிடுகையில், கடல்பாசி உறைந்தபடி நிற்பது இந்த வேறுபாட்டால்தான்.

நான்கைந்து பேருக்கு 5 கிராம் கடல்பாசி நூலை 200 மில்லிலிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நூல் முற்றிலும் மறையும்வரை கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும்; கரையாத நூல் பின்னர் எவ்வளவு கிளறினாலும் கரையாது. 25 கிராம் கொக்கோத் தூளைச் சலித்து, 40 கிராம் சர்க்கரையுடன் சிறிது வெந்நீர் விட்டு விழுதாகக் குழைத்த பின்னரே, முதல் பாலை எடுத்தபின் கிடைக்கும் தேங்காயின் இரண்டாம் பால் 300 மில்லிலிட்டரில் கலக்க வேண்டும். பால் சூடேறினால் போதும், கொதித்தால் திரிந்துவிடும். குளிர்ந்த பாலைச் சேர்த்தால் கடல்பாசி உடனே திரிதிரியாக உறைந்துவிடும் என்பதால் இரண்டும் சூடாக இருக்கையில்தான் கலக்க வேண்டும். கலவை கரண்டியில் கெட்டிப்படத் தொடங்கும்வரை கிளறாமல் ஊற்றினால் கொக்கோ அடியில் தங்கித் தேங்காய்ப்பால் மேலே ஏறி இரண்டு அடுக்காகிவிடும்.

கடல்பாசிக்கு ஒரு குறை உண்டு: அது கத்தியால் வெட்டத்தக்க வகையில் உடையுமே தவிரச் சாக்லேட்டைப்போல் நாவில் குழையாது. கொழுப்பு தந்துவந்த அந்தக் குழைவை ஈடுசெய்யாமல் விடுவதால்தான் பல இலேசான இனிப்புகள் மருந்தைப்போல உண்ணப்படுகின்றன. முழுவதும் உறைந்த கடல்பாசியைத் துண்டாக்கி மிக்சியில் மையாக அரைத்தால், உறைந்த கூழ் நுண்துகள்களாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, பாலேட்டின் குழைவை நெருங்கிய தன்மை பெறுகிறது. மகள் இந்தப் படியைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. பண்டத்தின் சுவை இதில்தான் இருக்கிறது.

100 கிராம் கட்டிச் சாக்லேட்டில் ஏறக்குறைய 35 கிராம் கொழுப்பு இருக்க, 12 விழுக்காடு கொழுப்புள்ள தூளில் 25 கிராமுக்கு 3 கிராமே உண்டு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருவதால் கட்டிக்குப் பதில் தூளை இடுவதில் மட்டும் 280 கலோரிக்கு மேல் குறைகிறது. சர்க்கரைக்குப் பதில் பனை வெல்லம் இட்டால் மணம் கூடும், கொக்கோவின் கசப்போடு அது நன்கு பொருந்தும்; ஆனால் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால், நீரிழிவு உள்ளவருக்கு வெல்லம் தீங்கற்றது என்று சொல்லிப் பரிமாறுவது தவறு. ஒரு சிட்டிகை உப்பு கசப்பைத் தணிக்கும். ஒரு கரண்டி காபி டிகாக்‌ஷன் சாக்லேட்டின் சுவையைத் தூக்கிக் காட்டும். ஆனி மாதத்தில், காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவையொட்டிக் கனிந்த மாம்பழம் கிடைக்கும்போது சர்க்கரையை 25 கிராமாகக் குறைத்து, இனிப்பைப் பழத்துண்டுகளிடம் விட்டுவிடலாம். புளிப்பு கடல்பாசியின் பிடிப்பைத் தளர்த்துமாதலால் பழத்தைக் கலவையில் சேர்த்துக் கொதிக்கவிடாமல், கிண்ணத்தில் ஊற்றியபின் மேலே வைக்க வேண்டும்.

செய்த பண்டத்தைக் குளிர்பெட்டியில் மூடிவைத்து இரண்டு நாளுக்குள் உண்டுவிட வேண்டும். அதற்குமேல் வைத்தால் கூழ் தானாகச் சுருங்கித் தண்ணீரை வெளிவிடும், தேங்காய்ப்பாலின் மணமும் மாறிவிடும்.

அன்புடன்,
பெரியம்மா