ஆகாவிடின் என்ன?

தருமபுரியிலிருந்து பிழைப்புத் தேடி அத்திபெலேக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் தந்தையார் இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் பிரஸ் எந்திரத்தில் தகடு அடிப்பவர். ஒருநாள் மாலை, உடன் உழைப்பவர் இரு விரல்களை இழந்தார் என்று சொல்லிக் கண்கலங்கினார்.

அவ்வெந்திரத்தை ஆள்வது மென்பொருள். அதற்கு இட்ட விதி இதுதான்: 'இரு பொத்தான்களும் அழுந்தியிருந்தால் அச்சு இறங்க வேண்டும்.' இரு கைகளும் பொத்தான்களின்மேல் இருக்கையில் விரல் எவ்வாறு அகப்படும்? நல்ல விதியன்றோ! ஆனால், அன்று ஒரு பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது. ஒரு கை மற்றதை அழுத்திற்று. மறு கை அச்சின் கீழே இருந்தது. மென்பொருள் சொன்னதைச் செய்தது. சொன்னதில்தான் குறை. 'ஒவ்வோர் அடிக்குப் பின்னும் இரண்டும் விடுபட வேண்டும். பின்னர் அரை நொடிக்குள் இரண்டும் சேர்ந்து அழுந்தினால் மட்டுமே அச்சு இறங்க வேண்டும்' என்று விதித்திருந்தால் விபத்து நேர்ந்திராது.

ஆகவே, உயிரோடு தொடர்புடைய மென்பொருளை எழுதுமுன், அதன் தேவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வினவ வேண்டும். இது நிகழாவிடின் என்ன? மிகுந்தால் என்ன? பிந்தினால் என்ன? ஒரு தேவை மற்றொன்றோடு மோதினால் என்ன?

இறுதி வினாவின் அருமையை விண்வெளித் துறையும் கண்டது. சந்திரயான்-2 சுமந்து சென்ற விக்ரம் கலம் 2019 செப்டம்பர் 7 அன்று நிலவில் மோதி வீழ்ந்தது. அதன் காரணங்களை இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் 2023-இல் விளக்கினார். எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட மிகுந்தது, பிழைகள் சேர்ந்தன. கலம் விரைந்து திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும் வேகத்திற்கோ மென்பொருளில் வரம்பு இருந்தது. இறங்குமிடமும் 500 மீட்டர் நீள அகலமே. தனித்தனியே நோக்கின் இவ்விரு வரம்புகளும் தக்கவையே, சேர்ந்தபோது கேடாயின.

அடுத்த கலத்தை அமைத்தோர், 'எவையெவை தவறக்கூடும்?' என்ற வினாவிலிருந்தே தொடங்கினர். இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தனர். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 இனிதே இறங்கியது.

இவ்வினாக்களை ஆய்வறையில் மட்டும் கேட்டால் போதாது. எந்திரத்தருகே நிற்பவரிடமும் கேட்க வேண்டும். அந்தப் பொத்தான் அடிக்கடி சிக்குவது என் தந்தையாருக்கு முன்பே தெரியும். அவரை எவரும் கேட்கவில்லை. நாளை நாம் விதிகள் எழுதும் நாள் வரும். அன்று கேட்க மறவாதிருப்போம்.