வணிக உரிம ஒப்பந்தம்: எந்தச் சட்டம்? எந்த நீதிமன்றம்?

ஒரு நிறுவனம் தனது வியாபாரப் பெயரையும் செய்முறையையும் கட்டணம் பெற்று இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கொடுப்பது வணிக உரிமம் (பிரான்சைஸ்) எனப்படும். இவ்வொப்பந்தத்தில் இரு வாசகங்களை வேறுபடுத்தி அறிதல் அவசியம்.

1. ஆளும் சட்டம்: பிணக்கை எந்நாட்டின் அல்லது எம்மாநிலத்தின் சட்டப்படி தீர்ப்பது?
2. வழக்கிடம்: எவ்வூர் நீதிமன்றத்தில் வழக்கிடுவது?

உதாரணம்
நெடுந்தீவு வியாபாரி ஒருவர் கொழும்பு நிறுவனமொன்றிடம் உரிமம் பெறுகிறார் எனக் கொள்வோம். "வழக்குகள் கொழும்பிலேயே நடைபெறும்" என ஒப்பந்தம் கூறுகிறது. பிணக்கு எழுந்தால் அவர் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ்ஸில் யாழ்ப்பாணம் சென்று, மேலும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணஞ் செய்ய வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் கடை பூட்டப்படும். செலவுக்கு அஞ்சி நியாயமான கோரிக்கையையே அவர் கைவிடவும் கூடும். எனவே வழக்கிடம் சிறு விடயமன்று.

இலங்கையின் நிலை
இலங்கையில் வணிக உரிமத்திற்கெனத் தனிச்சட்டம் இல்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டமே பொருந்தும். அதன் அடிப்படை உரோமன் டச்சுச் சட்டமாகும். 1852 இன் 5 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வர்த்தக விடயங்கள் பலவற்றில் ஆங்கிலச் சட்டத்தைப் புகுத்தியது.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 9 ஆம் பிரிவின்படி, பின்வரும் இடங்களில் ஒன்று அமைந்துள்ள எல்லைக்குரிய நீதிமன்றத்தில் வழக்கிடலாம்:
(அ) எதிராளி வதியும் இடம்
(ஆ) வழக்குக்குரிய காணி உள்ள இடம்
(இ) வழக்குக்கான காரணம் எழுந்த இடம்
(ஈ) ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம்

ஆகவே ஊர்காவற்றுறையில் ஒப்பந்தம் செய்யப்பட்டால் அவ்விடமும் வழக்கிடத் தகுதி பெறும். கொழும்பிலே செய்யப்பட்டால் இக்காரணம் கொழும்புக்கே சாதகமாகும். கையொப்பமிடும் ஊரும் கவனிக்கத்தக்கதே.

தகுதியற்ற நீதிமன்றில் வழக்கிடப்பட்டால், எதிராளி மறுமொழி அளிக்கும்போதே ஆட்சேபிக்க வேண்டும். 1978 இன் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவின்படி, ஆட்சேபிக்காது மறுமொழி அளித்தபின் நியாயாதிக்கத்தை மறுக்க முடியாது.

ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வாசகம் இருந்து, ஒரு தரப்பார் வழக்கை ஆட்சேபித்தால், 1995 இன் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு நீதிமன்றம் அதனை விசாரிப்பதைத் தடுக்கும்.

பிற நாடுகள்
இந்தியா: தகுதியுள்ள நீதிமன்றங்கள் பல இருப்பின், அவற்றுள் ஒன்றைத் தரப்பினர் தெரிவுசெய்யலாம், தகுதியற்ற நீதிமன்றுக்கு உடன்பாட்டால் அதிகாரம் அளிக்க முடியாது என உச்ச நீதிமன்றம் 1971 இல் தீர்த்தது.

ஐக்கிய அமெரிக்கா: பேகர் கிங் வழக்கில் (1985) நிறுவனம் புளோரிடாவையும், உரிமம் பெற்றவர் மிச்சிகனையும் சேர்ந்தவர்கள். புளோரிடா நீதிமன்றம் விசாரிக்கலாம் என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பந்தம் புளோரிடாச் சட்டத்தை ஏற்றிருந்ததும் கவனத்திற் கொள்ளப்பட்டது. எனினும் சில மாநிலங்கள் சிறு வியாபாரிகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றன. கலிபோர்னியாவில் நடைபெறும் உரிம வணிகத்தின் பிணக்கை வெளிமாநிலத்துக்கு மட்டுப்படுத்தும் வாசகத்தை அம்மாநிலச் சட்டம் வெற்றாக்குகிறது. ஆனால் நடுத்தீர்ப்பு வாசகமாயின் 1925 இன் மத்திய சட்டம் அப்பாதுகாப்பை மேவக்கூடும்.

நினைவிற் கொள்க
ஆளும் சட்டமும் வழக்கிடமும் வெவ்வேறானவை. கொழும்பு நீதிமன்றம் வேறு நாட்டுச் சட்டத்தைப் பிரயோகிக்க நேரலாம். வாசகம் எழுதப்பட்டுள்ளது என்பதனால் மட்டும் அது செல்லுபடியாகாது. சட்டம் இடமளித்தல் வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களையும் வாசித்த பின்னரே கையொப்பமிடுக.

பயிற்சி வினாக்கள்
1. ஆளும் சட்டம், வழக்கிடம் ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. 9 ஆம் பிரிவு கூறும் நான்கு இடங்களையும் தருக.
3. நயினாதீவில் வதியும் உரிமம் பெற்றவர்மீது நிறுவனம் ஒன்று கொழும்பில் வழக்கிடுகிறது. ஒப்பந்தம் யாழ்ப்பாணத்தில் செய்யப்பட்டது. அவர் முதலில் ஆராய வேண்டியவை யாவை? (குறிப்பு: வழக்குக்கான காரணம் எழுந்த இடம், ஆட்சேபிக்க வேண்டிய வேளை)