இழை வைத்த பீங்கான் செய்யும் விதம்

கொழும்பு ஜிந்துப்பிட்டியை அடுத்த செட்டியார் தெருப் பட்டறைகளில் பொன் உருக்கும் மூசை, 1,064 பாகை செல்சியஸ் சூட்டையும் தாண்டி நிற்கும். கைதவறி நிலத்தில் விழுந்தால் சரி, கதை முடிந்தது. பீங்கான் இனத்துக்கே உள்ள இந்தச் சீக்குக்கு மருந்து, உள்ளே இழை வைப்பது. ஆய்வுகூடத்துக்குக் கட்டுப்படியாகும் வழி, சுட்டால் பீங்கானாகும் பல்பகுதியத்தை இழைத் துணியில் ஊறவைத்துச் சுடுவது. 1975இல் ஜப்பானின் தொஹொக்கு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யாஜிமா பொலிகாபோசிலேன் என்ற பல்பகுதியத்தைச் சுட்டு சிலிக்கன் காபைட்டு இழை எடுத்தாரே, அதே வேதியியல்தான்.

காபன் இழைத் துணியை அடுக்கி, கிராபைட் தகடுகளுக்கிடையில் இறுக்குங்கள். கனவளவில் 40 வீதம் இழை இருந்தால் போதும். அடுத்து, இழைகள்மேல் மெதேன் வாயுவிலிருந்து காபன் படியவைக்க வேண்டும். அரை மைக்ரோமீற்றர்கூடத் தேவையில்லை. அவசரக்காரர் விட்டுவிடுவது இதைத்தான். பூச்சில்லாவிட்டால் பீங்கான் இழையோடு ஒட்டிப்பிடிக்கும். வெடிப்பு வந்தால் இழையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகும். பூச்சிருந்தால் வெடிப்பு இழையோரமாகத் திரும்பிவிடும், இழை வழுக்கிக்கொண்டே பாரத்தைத் தாங்கும். பூச்சுக்குக் காசு பார்ப்பவர் இந்த வேலையைத் தொடாமலிருப்பது நல்லது.

இரண்டு பங்கு பொலிகாபோசிலேனை ஒரு பங்கு டைவைனைல் பென்சீனில் கரையுங்கள். துணியை வெற்றிடக் கலத்தில் வைத்து, காற்றை இழுத்தெடுத்த பிறகே கரைசலை உள்ளே விடுங்கள். குமிழி அடங்கும்வரை பொறுங்கள். ஆவி தீப்பற்றும், புகைபோக்கிக்குக் கீழே மட்டும் இந்த வேலை. பிறகு 150 பாகைக்கு மேல் சில மணிநேரம் வைத்து இறுகவிடுங்கள்.

சுடுவது ஆர்கன் ஓடும் உலையில். 400 முதல் 800 பாகை வரை ஐதரசனும் மெதேனும் வெளியேறும். நிமிடத்துக்கு ஒரு பாகைக்கு மேல் ஏற்றினால் வாயு அடுக்குகளைப் பிளந்துவிடும். வெளிவரும் வாயுவைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். 1,100 பாகையில் ஒரு மணிநேரம் நிறுத்தி, உலையோடு ஆறவிடுங்கள்.

எடுத்துப் பார்த்தால் எங்கும் துளை. ஊறிய திரவத்தின் கனவளவில் மூன்றிலொரு பங்குகூடப் பீங்கானாக மிஞ்சாது. ஆகவே திரும்ப ஊறவையுங்கள், திரும்பச் சுடுங்கள்; ஆறிலிருந்து பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் தராசில் போடுங்கள். எடை ஏறுவது சட்டென்று குறைந்தால், மேற்பரப்பு மூடிக்கொண்டதா என்று பாருங்கள். லேசாகத் தேய்த்துத் துளை வாயைத் திறந்தால் மறுபடி உறிஞ்சும். ஏற்றம் ஒரு வீதத்துக்குக் கீழே வந்ததும் நிறுத்தலாம். பத்து வீதமளவில் துளை எப்படியும் மிஞ்சும்.

காற்றில் 500 பாகைக்கு மேல் காபன் இழை எரியத் தொடங்கும்; ஆகவே வெளியேயும் ஒரு பூச்சு வேண்டும். 2024இல் இந்தியாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் அறிவித்த காபன்–காபன் ரொக்கெற் எஞ்சின் வாய்க்கூம்புக்கும் அதனால்தான் சிலிக்கன் காபைட்டுப் பூச்சு. வைரச் சக்கரத்தால் அளவுக்கு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் இழை வெளியே தெரியுமாதலால் இந்த வெளிப்பூச்சு வேலை அதற்குப் பிறகுதான்.